தூது போன பையன்

அன்புள்ள ஐயா,
1949 அக்டோபரில் மாவோ மக்கள் சீனத்தை அறிவித்தார். 1950 ஜனவரி 6 அன்றே பிரிட்டன் அதை அங்கீகரித்துவிட்டது. அமெரிக்காவோ 1979 வரை தைவானில் இருந்த அரசைத்தான் சீனா என்றது. தன் கையில் இருந்த ஹாங்காங்குக்காக பிரிட்டன் கொள்கையை விற்றது, அமெரிக்காவாவது நேர்மையாக இருந்தது என்று சொல்லலாமா?
எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

ஹாங்காங், வியாபாரம் எல்லாம் காரணம்தான். அதை விடுங்கள். என்னை உறுத்தியது ‘நேர்மை’ என்ற சொல். அங்கீகாரம் என்ன நன்னடத்தைச் சான்றிதழா? தூதரக உறவு பாராட்டுவதற்கல்ல, நம் வசதிக்கு என்று 1949 நவம்பரிலேயே நாடாளுமன்றத்தில் பேசியவர் சர்ச்சில். கம்யூனிஸ்ட்டுகள் மேல் அவருக்கு இருந்த பாசம் உங்களுக்குத் தெரியாததா?

என் அப்பாவும் பெரியப்பாவும் பதினோரு வருடம் பேசவில்லை. பாகப்பிரிவினை, வேறென்ன. அடுத்தடுத்த வயல், ஒரே வாய்க்கால். தூது போனவன் நான். “மடையை அடைச்சா வரப்பை வெட்டிருவேன்னு உங்கப்பன்கிட்ட சொல்லுடா” என்றார் பெரியப்பா ஒருநாள். ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா நிமிரக்கூட இல்லை. “முறுக்கு குடுத்துச் சொல்லச் சொன்னாரா?” என்றார். மடையை அடைத்தார். மறுநாள் காலை எங்கள் வயலில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

(முறுக்கு கொடுத்தது உண்மைதான்.)

பணிக்கரைப் பற்றிப் படித்தபோது அந்த முறுக்குதான் நினைவுக்கு வந்தது. 1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். பீக்கிங்கில் இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரை சீனப் பிரதமர் சூ என்லாய் கூப்பிட்டனுப்பினார். கொரியப் போரில் அமெரிக்கப் படை, வட கொரியாவையும் தென் கொரியாவையும் பிரித்த 38ஆம் இணைகோட்டைத் தாண்டினால் சீனா இறங்கும் என்றார். அமெரிக்காவுக்கு அங்கே தூதரகம் இல்லை. செய்தி டெல்லி வழியாகச் சுற்றிப் போனது. பணிக்கர் சீனாவின் ஆள் என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் அதை ஒதுக்கினார். அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டியது. 19ஆம் தேதி சீனப் படை எல்லையில் ஓடும் யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் இறங்கியது.

தூதரகம் இருந்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று சொல்ல வரவில்லை. சொல்கிறவன் முகத்தையாவது பார்த்திருக்கலாம்.

அப்புறம், 1955 முதல் 1970 வரை, அங்கீகரிக்காத அதே அரசோடு அமெரிக்கத் தூதர்கள் ஜெனீவாவிலும் வார்சாவிலும் 136 முறை உட்கார்ந்து பேசினார்கள். உங்கள் நேர்மை அப்போது எந்த நாற்காலியில் இருந்தது?

பிரிட்டனுக்கும் ஒன்றும் கொட்டிவிடவில்லை. முழுத் தூதர்கள் மாறிக்கொண்டது 1972-ல்தான்.

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.