கேள்வி நேரம்: அளவும் குறையவில்லை, வேகமும் கூடவில்லை

கேள்வி: எங்கள் கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் கம்ப்ரஷன் அளவை, அதாவது சுருக்கும் அளவை, 9 ஆக்கினேன், வட்டில் இடம் குறையவில்லை. கிட் சர்வரோடு பேசும் முறையான புரோட்டோகாலின் பதிப்பு 0, 2 இரண்டிலும் குளோன் செய்தேன், அதாவது முழு நகல் எடுத்தேன். நேரத்தில் வித்தியாசமே இல்லை. எங்கே தவறு?

பதில்: இதே இடத்தில் நானும் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். அமைப்பை மாற்றினால் பழைய பேக் கோப்புகள் (கிட் தரவைச் சுருக்கிச் சேர்த்து வைக்கும் கோப்புகள்) தானாக மறுபடி சுருங்காது. அவற்றை மறுபடி கட்டும் ரீபேக் கட்டளையைப் பெரிய எஃப் (-F) சேர்த்து ஓட்டுங்கள். அப்போதுதான் எல்லாம் புதிதாகச் சுருக்கப்படும். நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். முதலில் ஒரு நகலில் செய்து, முன்னும் பின்னும் அளவைக் குறித்து வையுங்கள்.

சரி, குளோன். வெறும் கோப்புறைப் பாதையைக் கொடுத்தீர்களா? அப்படியானால் கிட், கோப்புகளை நகலெடுக்காமல் ஹார்டு லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டுவிடும். புரோட்டோகால் வேலைக்கே வராது. 'file://' என்று தொடங்கும் முகவரி வடிவம் வேண்டும். அப்புறம், பதிப்பு 0-இல் சர்வர் எல்லாக் கிளைகளின் (களஞ்சியத்தில் தனித்தனியாக வளரும் வேலை வரிசைகள்) பெயர்களையும் முதலிலேயே கொட்டிவிடும். 2-இல் வேண்டியதை மட்டும் கேட்கலாம். பத்துக் கிளைகளில் அந்த வித்தியாசம் தெரியாது. சில ஆயிரம் கிளைகளை உருவாக்கி, ஒரே ஒரு கிளையை மட்டும் ஃபெட்ச் செய்து (சர்வரிலிருந்து இறக்கி) பாருங்கள். கிட் அனுப்புவதையும் பெறுவதையும் காட்டும் பாக்கெட் டிரேஸை இயக்கினால் போகும் வரும் வரிகளை நேரிலேயே எண்ணலாம்.

ஒரே சோதனையில் கம்ப்ரஷன், புரோட்டோகால் இரண்டையும் மாற்றாதீர்கள்.