ஓபரா அரங்கில் கர்நாடகக் கச்சேரி வைத்தால் மிருதங்கம் ஏன் எடுபடுவதில்லை?

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆர்ட்ஸ்கேப் ஓபரா அரங்கில் கச்சேரி நடத்த விரும்பும் டர்பன் சங்கத்தாரின் கேள்வி இது. குறை மிருதங்கத்தில் இல்லை, உட்காரும் இடத்தில் இருக்கிறது. இத்தகைய மேடைக்கு மேலே, திரைகளைத் தூக்கி மறைக்க உயரமான கூடு உண்டு. பின்னால் தள்ளி உட்கார்ந்தால் ஒலியில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். ஆகவே மேடை முகப்பு வளைவுக்கு முன்னால், ஓர் அடி உயரப் பலகை போட்டு உட்காருங்கள்.

சிம்பொனி அரங்குகளில் எதிரொலி அடங்க 2 விநாடி வரை ஆகும். ஓபராவுக்கு 1.5 விநாடிக்குள் அடங்கினால் போதும். மிருதங்க அடிகளின் கோவையான நம் சொற்கட்டுக்கு அதைவிடக் குறைவே நல்லது. எதிரொலி நீண்டால், தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) எழும் கும்கி என்ற அடித்தொனி நாதம்தான் முதலில் குழம்பும். தொப்பிக்கான மைக்கில் அடித்தொனியைக் குறையுங்கள், வலப்பக்கமான வலந்தலைக்கு ஒரு சாண் தூரத்தில் தனி மைக் வையுங்கள். பாடகர் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஒலிபெருக்கியை (மானிட்டர்) கூட்டக் கூட்ட ஊளைச் சத்தம்தான் வரும்.

ஏசி காற்றில் தோலும் தொப்பியில் பூசும் ரவையும் காய்ந்து சுருதி ஏறும். ஒரு மணி நேரம் முன்பே வாத்தியத்தை மேடையில் வைத்துவிடுங்கள். ஈர ரவை கையில் இருக்கட்டும்.

1971இல் நிக்கோ மலான் என்ற பெயரில் திறந்தபோது இந்தக் கான்கிரீட் அரங்கம் வெள்ளையருக்கு மட்டுமே. 1975இல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. நம்மவர் கலை கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மேடையில் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்க வேண்டும். ஒத்திகையின்போது ஒருவரை அங்கே உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.