சிக்கனில் எங்கே நீலம்?

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு ஹோட்டலில் 'சிக்கன் கார்டன் ப்ளூ' வாங்கினோம். நீலமும் இல்லை, தோட்டமும் இல்லை. ஏன் சார் இந்தப் பெயர்?
- வாசகி, மதுரை.

பதில்: நானும் ஏமாந்தவன்தான் அம்மா. முதல்முறை மெனு கார்டில் பார்த்தபோது, சங்குப்பூ ஏதாவது தூவி வரும் என்று காத்திருந்தேன். வந்ததோ பிரெட் தூளில் புரட்டிப் பொரித்த ஒரு பொட்டலம். கத்தி வைத்ததும் சீஸ் வழிந்தது. கூடவே ஒரு துண்டு ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றி இறைச்சி.

அது தோட்டத்து கார்டன் இல்லை. கூட்டத்தைத் தடுக்க போலீஸ் 'கார்டன்' போடுகிறார்களே, அந்தச் சொல். பிரெஞ்சில் கயிறு, நாடா என்று பொருள். 'ப்ளூ' நீலம்தான். ஆக, நீல நாடா.

யாருடைய நாடா? பிரெஞ்சு மன்னர் 3ஆம் ஹென்றி 1578 டிசம்பரில் பரிசுத்த ஆவியின் பெயரில் ஒரு வீரர் சபை அமைத்தார். அவர் அரியணைக்கு வந்தது, பரிசுத்த ஆவி இறங்கி வந்ததைக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் பெந்தெகொஸ்தே திருநாளில், அந்த நன்றிக்கடன். சபையில் 100 பேருக்குத்தான் இடம். புறா பதித்த சிலுவையை நீலப் பட்டு நாடாவில் கோத்து அணிவார்கள். 16ஆம் லூயியின் ஓவியங்களைப் பாருங்கள், மார்பின் குறுக்கே அந்த நீலப் பட்டை பளிச்சென்று தெரியும். நாட்டிலேயே பெரிய கௌரவம் என்பதால், அணிந்தவரையே 'நீல நாடா' என்று அழைத்தார்கள். நம்மூரில் 'கரைவேட்டி வந்துட்டுப் போச்சு' என்கிறோமே, அந்த மாதிரி.

பிறகு எதில் கெட்டிக்காரராக இருந்தாலும் 'நீல நாடா' ஆனார். கடைசியில் பட்டம் அடுப்படிக்கு வந்து, கைமணம் உள்ள சமையல்காரியிடம் நிலைத்துவிட்டது. 15ஆம் லூயி ஒரு விருந்தில் மயங்கி, சமைத்தவளுக்கே நாடாவைக் கொடுக்கச் சொன்னார் என்றொரு கதை உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, நான் நம்பவில்லை.

பிரெஞ்சுப் புரட்சியில், 1791இல், அந்த வீரர் சபையைக் கலைத்தார்கள். மன்னராட்சி திரும்பியபோது அதுவும் திரும்பி, 1830இல் ஒரேயடியாகப் போனது. சமையல்காரியின் பட்டத்தை யாரும் பிடுங்கவில்லை. 1895இல் மார்த் திஸ்தெல் என்ற பெண்மணி பாரிஸில் அந்தப் பெயரில் சமையல் பத்திரிகை தொடங்கினார். அதிலிருந்து கிளைத்ததுதான் இன்று உலகமெங்கும் கிளை வைத்திருக்கும் அதே பெயர்ச் சமையல் பள்ளி. நீங்கள் வாங்கிய சிக்கனுக்கும் அந்தக் கைமணப் பட்டம்தான் பெயராக ஒட்டிக்கொண்டது.

பிரெஞ்சுக்காரர்கள் 'கொர்தோன்' என்பார்கள், கடைசி 'ன்' மூக்கோடு நின்றுவிடும். ஹோட்டலில் அப்படிக் கேட்டுப் பார்த்தேன். "சிக்கன் கார்டன்தானே சார்?" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார் சர்வர்.