தவில் இல்லாமல் காவடிச் சிந்து: ஃப்ளூட், கிளாரினெட், சாக்ஸபோனுக்கு எப்படி எழுதுவது?

ஒரு ஃப்ளூட், இரண்டு கிளாரினெட், ஒரு ஆல்டோ சாக்ஸ். தவிலும் உறுமியும் கிடையாது. செஞ்சுருட்டி ராகத்தில் ஒரு காவடிச் சிந்து வாசிக்க வேண்டும் என்கிறீர்கள். இதே நாலு பேருக்கு நான் எழுதியிருக்கிறேன்.

முதலில் சுருதி. நான் நாலு கட்டையில், அதாவது ஸட்ஜம் ‘எஃப்’ ஆக, ஆரம்பித்தேன். மெட்டு ஸ, ரி, க என்றே சுற்றிச் சுற்றி வரும். கிளாரினெட்டுக்கு, ஒலிப்பதைவிட ஒரு முழுத் தொனி மேலே எழுதுவதால், நாலு கட்டையில் ரிஷபம் தாளில் ‘ஏ’, காந்தாரம் ‘பி’. ஏறக்குறைய எல்லாத் துளையும் திறந்திருந்த இடத்திலிருந்து சட்டென்று எல்லாவற்றையும் மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் அங்கே இடறியது. ஒரு கட்டைக்கு, அதாவது ஸட்ஜம் ‘சி’ க்கு, மாற்றினேன். ஸட்ஜம் தாளில் நாலாம் கோட்டு ‘டி’. செஞ்சுருட்டி மேல் ஸட்ஜத்தைத் தொடாது. அதனால் கீழ் தைவதம் முதல் மேல் ஸட்ஜத்துக்குக் கீழுள்ள நிஷாதம் வரை மொத்தமும் ரெஜிஸ்டர் கீயை (மேல் ஸ்தாயிக்குத் தாவ அழுத்தும் சாவி) விடாமலே வாசித்துவிடலாம். கீழ்ப் பஞ்சமம் மட்டும்தான் வெளியே விழும்.

அடுத்தது கார்டு, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள். செஞ்சுருட்டியில் வருவது கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நிஷாதம்; ஒரு கட்டையில் ஒலிப்பது ‘பி ஃப்ளாட்’. வரி முடிகிற இடத்தில் பழக்கதோஷத்தில் ‘ஜி மேஜர்’ போட்டால் அதிலுள்ள ‘பி’ வந்து ராகத்தையே கலைத்துவிடும். ஸட்ஜமும் பஞ்சமமும் போதும்.

இனிதான் முக்கியமான விஷயம். காவடிச் சிந்துக்குப் பேர்போன புலவர் அண்ணாமலை ரெட்டியாரின் சிந்துகளைக் கழுகுமலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிற வழியில் பாட எழுதியவை என்றுதான் சொல்வார்கள். தோளில் பாரத்தோடு நடக்கிறவரின் காலடிதான் இதன் தாளம். திஸ்ர நடையில், அதாவது ‘த-கி-ட’ என்று மூன்று மூன்றாக எண்ணும் நடையில், ‘த’ வை சாக்ஸுக்குக் கொடுங்கள், ‘கிட’ வை இரண்டாம் கிளாரினெட்டுக்கு. ஸ்வரம் குட்டையாக இருக்கட்டும். நடுவிலுள்ள வெற்றிடம் காதில் விழ வேண்டும். ஃப்ளூட்டும் முதல் கிளாரினெட்டும் வரிக்கு வரி மெட்டை மாற்றிக்கொள்ளட்டும். ஒருவர் முடிக்கிற ஸ்வரத்திலேயே அடுத்தவர் சேர்ந்து எடுத்தால், மூச்சு வாங்குவது வெளியே தெரியாது, நடையும் நிற்காது. மத்தியமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கும் வளைவைத் தாளில் எழுதிப் புரியவைக்க முடியாது, பாடிக் காட்டுங்கள்.

எங்கள் சாக்ஸ்காரர் ‘த’ வை இழுத்துக்கொண்டே இருந்தார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அப்புறம் கருவிகளை வைத்துவிட்டு நாலு பேரும் மெட்டைப் பாடிக்கொண்டே அறையைச் சுற்றி நடந்தோம். திரும்ப வந்து ஊதியபோது அந்த ‘த’ கால் பதிகிற மாதிரி விழுந்தது.