ஆட்டு மூளை நோயைப் படிக்க ஆசைப்படும் மகள்

மன்னவனூரிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் எம்.பி.பி.எஸ். வேண்டாம், ஆட்டின் மூளையைத் தாக்கும் பிரியான் நோயில் உடம்பின் நோய் எதிர்ப்பு செல்களைப் பற்றித்தான் படிப்பேன் என்று நிற்பதாக வருத்தப்பட்டிருந்தீர்கள். செம்மறி ஆராய்ச்சி மையம் உள்ள ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

அவள் பிடித்திருப்பது நல்ல கேள்வி. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் வரும் ஸ்கிரேப்பி என்ற மூளை நோய்க்குக் காரணம் கிருமியல்ல, உடம்பின் சொந்தப் புரதம் மடிப்பு மாறிப்போன பிரியான். சொந்தப் புரதம் என்பதால் உடம்பு அதை எதிரியாகப் பார்ப்பதில்லை. எதிர்த்து ஆன்டிபாடி உருவாவதில்லை. அப்புறம் எதிர்ப்பு செல்களுக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது, அதுவும் தப்பான பக்கத்தில். வாய்வழியாகக் குடலுக்குள் போகும் பிரியான், குடல் சுவரில் பேயர் திட்டுகள் எனப்படும் நிணநீர்த் திசுக்களிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கும், நோய் எதிர்ப்புக்கு உதவும் ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல்களில் ஒட்டிக்கொண்டு பெருகுகிறது. நரம்பு வழியாக மூளைக்கு ஏறுவது அதற்குப் பிறகு. அதனால்தான் உயிரோடிருக்கும் ஆட்டின் மூன்றாவது இமையில் உள்ள நிணநீர்த் திசுவில் துளி எடுத்தே நோயைக் கண்டுபிடிக்க முடிகிறது. மாட்டுக்கு வரும் பிரியான் நோயான பைத்தியப் பசு நோயிலோ, சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தவிர நிணநீர்த் திசுக்களில் பிரியான் அவ்வளவாகத் தென்படாது. ஆட்டுக்கு ஒரு மாதிரி, மாட்டுக்கு ஒரு மாதிரி ஏன் என்று யோசிக்கிற பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

தொற்றிவிடுமா என்ற பயம் நியாயமானது, மழுப்ப மாட்டேன். ஸ்கிரேப்பி மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணமில்லை. பைத்தியப் பசு நோய் தொற்றியது; 1996-இல் பிரிட்டன் அரசே அதைச் சொன்னது. பிரான்சில் 2010-இல் பிரியான் ஆய்வகத்தில் கருவி கையில் குத்திய ஓர் இளம் பெண் 2019-இல் பிரியான் நோயால் இறந்தார். கொதிக்க வைத்தாலும் ஃபார்மலினில் போட்டாலும் பிரியான் அழியாது. ஆனால் பட்டப்படிப்பில் அதைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

இப்போது பிரியானை மறந்துவிட்டு கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி.க்கு விண்ணப்பியுங்கள். ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதில் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. தமிழ்நாட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. நீட் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் பாருங்கள். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் கால்நடை மருத்துவர் வேலை சோறு போடும். முதுகலையில் நோய்க்குறியியல் எடுக்கட்டும் என்பேன், திசுவைப் பார்க்கத் தெரியாமல் இந்தத் துறையில் நகர முடியாது. எதிர்ப்பு செல்களைக் கையாளும் திறமை கோமாரித் தடுப்பூசிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் நம் நாட்டிலேயே உதவும். பிரியானேதான் வேண்டுமென்றால் பிஎச்.டி.க்கு எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனம் போன்ற இடங்களைத் தேடலாம்.

இந்த விடுமுறையில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் டாக்டரைக் கேட்டுச் சில நாள் கூட நிற்க வையுங்கள். சாணமும் ரத்தமும் ஒத்துவரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்; பி.எஸ்சி. விலங்கியல் வழியைப் பேசுவோம்.