பரீட்சை வைக்காத பள்ளியில் சேர்க்கலாமா?

தம்பி, கோவையிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள். ஆபீஸில் சிலர் பிள்ளைகளைப் பரீட்சையே வைக்காத மாற்றுப் பள்ளிகளில் சேர்த்திருக்கிறார்கள், நம் பையனையும் சேர்த்தால் பத்தாம் வகுப்பில் திணறுவானோ என்று கேட்டிருந்தீர்கள்.

என் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தாள். முதலில் சேர்த்த பள்ளியில் யுகேஜியிலேயே வாரத் தேர்வு. ஞாயிறு ராத்திரி ஆனால் பிள்ளைக்கு வயிற்று வலி வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் மாற்றினோம்.

பத்தாம் வகுப்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். மேல் வகுப்பு வந்ததும் பொதுத்தேர்வுக்குத் தயார்படுத்திவிடுவார்கள். கனகபுரா சாலையில் 1978-ல் தொடங்கிய வேலி ஸ்கூலில் ஐ.சி.எஸ்.இ. என்ற அகில இந்தியத் தேர்வு; மாகடி பக்கம் இருக்கும் சென்டர் ஃபார் லேர்னிங்கில் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற சர்வதேசத் தேர்வு; சில இடங்களில் என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வு. எந்தத் தேர்வு போர்டு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மார்க் இல்லை என்றால் கவனிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. மகளின் அறிக்கையில் ஒருமுறை இப்படி எழுதியிருந்தார்கள்: ‘பின்னங்களைக் கூட்டும்போது கீழ் எண்களையும் சேர்த்துக் கூட்டிவிடுகிறாள். காகிதத்தை மடித்துக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்கிறாள்.’ நூற்றுக்கு எழுபது என்று போட்டிருந்தால் எனக்கு இது தெரிந்திருக்குமா?

கஷ்டம் பெற்றோருக்குத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை பதினாறாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கும்போது நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஊரிலிருந்து போன் வந்தால் மாமியாரின் முதல் கேள்வியே “எத்தனாவது ரேங்க்?” என்பதுதான். அந்த நேரத்தில் கணவன் மனைவி இருவரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும். ஒருவர் பள்ளியை நம்பி, இன்னொருவர் ரகசியமாக டியூஷனுக்கு அனுப்பினால் பிள்ளை நடுவில் தவித்துப்போகும். அப்படி ஒரு குழந்தையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உங்கள் வீட்டில் ஒத்த மனசு இல்லையென்றால் நல்ல சாதாரணப் பள்ளியே போதும்.

அப்புறம், மொழி. கர்நாடகத்தின் 2015-ம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியில் கன்னடம் உண்டு. சந்தோஷமாகப் படிக்கட்டும், இந்த ஊரில்தானே வாழப்போகிறான். தமிழ் எழுதப் படிக்க நீங்கள்தான் வீட்டில் சொல்லித்தர வேண்டும்.

பள்ளியைப் பார்க்க ஒரு சாதாரண வேலை நாளில் போங்கள். ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அடிக்கடி ஆள் மாறினால் எவ்வளவு நல்ல கொள்கையும் நிற்காது. இப்படிப்பட்ட பள்ளிகள் பல ஊருக்கு வெளியே இருக்கின்றன. அதனால் பள்ளி முடிவாகும்வரை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.