ரெண்டாவது ஒபரேஷனுக்கு முன்னால

அம்மாவோட காலை மறுபடி ஒபரேஷன் பண்ணச் சொன்னதுக்கு இப்பவே சம்மதக் கையெழுத்துப் போடாதீங்க. கால்ல 3ஆம், 4ஆம் விரலுக்கு நடுவுல நரம்பை எடுத்தும் அம்மாவுக்கு அதே எரிவு திரும்பியிருக்குன்னா, வெட்டின நுனியில நரம்பு மறுபடி கட்டியா திரண்டிருக்கலாம்.

தழும்புக்குக் கிட்ட, அடிப்பாதத்தை விரலால தட்டிப் பாருங்க. ஒரே இடத்துல கரண்ட் அடிச்ச மாதிரி இழுத்தா சந்தேகம் பலமாகும். கண்டி கிளினிக்ல, ஸ்கேன்ல பார்த்து அந்த இடத்துல விறைப்பு ஊசி (மரத்துப்போக வைக்கிற ஊசி) போடலாமான்னு கேளுங்க. அந்தக் கட்டிதான் காரணம்னா வலி கொஞ்ச நேரமாவது அடங்கணும். அடங்காட்டி கோளாறு கணுக்கால் உள்பக்கமோ முதுகோ, வேற எங்கயோ இருக்கலாம். திரும்ப வெட்டிப் பயனில்ல.

ரெண்டு காலும் எரிஞ்சா முதல்ல சீனி டெஸ்ட்.

மறு ஒபரேஷன் முதலாவது அளவுக்கு நிச்சயமில்ல, விரல் மரத்தும் போகலாம். அம்மா தேயிலைக் கொழுந்துச் சுமையோட இறக்கத்துல இறங்குறதுதான் முன்பாதத்தை நசுக்குது. கொஞ்ச நாளைக்கு ஸ்டோர் வேலை கேட்டுப் பாருங்க, கங்காணி முகம் சுளிச்சாலும்.